மெட்டலர்ஜி / மெட்டீரியல்ஸ் படிச்சா எங்கே வேலை? அந்த வேலையில உண்மையில என்ன செய்வாங்க?

கரிஎஃகு | #1

எல்லாருக்கும் வணக்கம். பி.இ. மெட்டலர்ஜி, அஞ்சாவது செமஸ்டர், சி.ஜி.பி.ஏ. 7.6. கேம்பஸுக்கு வர்றதுல பாதிக்கு மேல சாஃப்ட்வேர் கம்பெனி. கோர் வேலைன்னா ஃபவுண்டரி (வார்ப்பாலை), ஹீட் ட்ரீட்மென்ட், என்.டி.டி. (பொருளை உடைக்காம குறை பார்க்கிற சோதனை), ஆராய்ச்சின்னு பேர் மட்டும் சொல்றாங்க. உள்ளே போனா காலையிலேருந்து சாயங்காலம் வரை என்ன வேலைன்னு யாரும் சொல்றதில்லை. "12 நாள்ல நாலு மெத்தட் லெவல் 2"ன்னு (நாலு சோதனை முறையில ரெண்டாம் நிலைத் தகுதி) ஒரு என்.டி.டி. பயிற்சி விளம்பரமும் சுத்துது. கேட் நுழைவுத் தேர்வு எழுதுறதா, ஜெர்மனி பார்க்கிறதா, நேரா வேலைக்குப் போறதா? துறையில இருக்கிறவங்க விவரமா சொன்னா என் வகுப்புல இருக்கிற எல்லாருக்கும் உதவும்.

கருமணல் | #2

ஃபவுண்டரிய பத்தி மட்டும் சொல்றேன் தம்பி. கோயம்புத்தூர் சுத்துவட்டாரத்துல பம்ப், வால்வு, ஆட்டோ பார்ட்ஸ்னு எஸ்.ஜி. அயர்ன் (கிராஃபைட் உருண்டையா இருக்கிற வார்ப்பிரும்பு) வார்க்கிற ஃபவுண்டரி நிறைய. மெட்டலர்ஜி படிச்ச பையனை மூணு இடத்துல போடுவாங்க: மெல்டிங், சாண்ட் (அச்சு மணல்), மெத்தட்ஸ் (வார்ப்பை எப்படி ஊத்துறதுன்னு திட்டம் போடுற பிரிவு). குவாலிட்டின்னு நாலாவது ஒண்ணு உண்டு. நேரா அதுல உட்கார்ந்தா ரிஜெக்‌ஷன் எண்ணத்தான் கத்துக்குவீங்க, அது ஏன் வருதுன்னு தெரியாது.

மெல்டிங்ல உங்க பொறுப்பு என்னன்னா: இண்டக்‌ஷன் ஃபர்னஸ்ல ஸ்டீல் ஸ்கிராப், பிக் அயர்ன், ரிட்டர்ன்ஸ் (முந்தின வார்ப்புல மிஞ்சினது) எல்லாம் சார்ஜ் கணக்குப்படி போகணும். கார்பன் 3.6 – 3.8 சதவீதம், சிலிக்கான் மக்னீசியம் ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி 1.2 – 1.6, சல்ஃபர் 0.015-க்குக் கீழே. உயரம் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு இருக்கிற லேடில்ல (உருகின இரும்பை ஏந்துற பாத்திரம்), அடியில இருக்கிற குழியில மக்னீசியம் 5 – 6 சதவீதம் உள்ள ஃபெரோ சிலிக்கான் மக்னீசியம் போட்டு, மேலே ஸ்டீல் பஞ்சிங் தூளால மூடி, 1480 – 1520 டிகிரியில ஃபர்னஸ்லேருந்து இரும்பை அதுல டேப் பண்ணுவாங்க (ஊத்துவாங்க). மிச்ச மக்னீசியம் 0.035 – 0.050-க்குள்ள நிக்கணும்.

தப்பு நடக்கிற இடம் இதுக்கப்புறம்தான். மக்னீசியம் நின்னுட்டிருந்தாலே போயிடும், அதைத்தான் ஃபேடிங்னு சொல்றோம். ட்ரீட்மென்ட் முடிஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள கடைசி மோல்டு வரை ஊத்தி முடிக்கணும். கிரேன் நின்னுச்சு, மோல்டு லைன் நின்னுச்சுன்னு பதினஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா கடைசி நாலு மோல்டு பாக்ஸ்ல கிராஃபைட் உருண்டை புழுவா மாறியிருக்கும். வெளியில பார்த்தா எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால மைக்ரோ சாம்பிளை முதல் பாக்ஸ்ல எடுக்கக் கூடாது, கடைசி பாக்ஸ் ஊத்தும்போது எடுக்கணும். இண்டர்வியூல இந்த ஒரு கேள்வியிலேயே ஷாப் ஃப்ளோர்ல நின்னவன் யார்னு தெரிஞ்சுடும். சந்தேகம் வந்த பாக்ஸ்களை அல்ட்ராசோனிக்ல பிரிக்கலாம்: நல்ல எஸ்.ஜி.யில ஒலி வேகம் விநாடிக்கு 5500 மீட்டர் பக்கம் வரும், சாம்பல் வார்ப்பிரும்புல 5000-க்குக் கீழே இறங்கிடும்.

பயந்துக்கிட்டு மக்னீசியத்தை அள்ளிப் போட்டாலும் ஆகாது. கார்பைடு வரும், ஷ்ரிங்கேஜ் (சுருங்கி விழுற குழி) கூடும், மேல்பக்கம் டிராஸ் (கசடு) ஒட்டும்.

சாண்ட்ல தினசரி பார்க்கிறது: ஈரம் 3 – 3.8 சதவீதம், கம்பாக்டபிலிட்டி (அமுக்கினா எவ்வளவு இறங்குது) 36 – 42, பெர்மியபிலிட்டி (வாயு வெளியேற விடுற தன்மை), பச்சை வலிமை (ஈர மணலோட வலிமை), மெத்திலீன் ப்ளூல ஆக்டிவ் களிமண். மதியத்துக்கு மேல ரிட்டர்ன் சாண்ட் சூடாயிடும். 50 டிகிரி மணல்ல காலையில சேர்த்த அதே தண்ணியைச் சேர்த்தா, மிக்ஸர்ல சரியா இருக்கிற ஈரம் மோல்டிங் மெஷினுக்குப் போறதுக்குள்ள ஆவியாயிடும். விளைவு: மோல்டு ஓரம் உதிரும், சாண்ட் இன்க்ளூஷன் ஏறும். ஆபரேட்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி மணல்ல தெர்மாமீட்டர் குத்திப் பாருங்க.

செந்தணல் | #3

கருமணல் சார் மெத்தட்ஸை விட்டுட்டார். ஒரு கணக்கு சொல்றேன், ஃபவுண்டரி இண்டர்வியூல கட்டாயம் வரும். 100 மி.மீ. ஸ்டீல் கனசதுரத்துக்கு ஃபீடர் (வார்ப்பு சுருங்கும்போது உலோகம் ஊட்டுற தொட்டி) எவ்வளவு? மாடுலஸ் = கன அளவு ÷ குளிரும் பரப்பு = 10,00,000 ÷ 60,000 = 16.7 மி.மீ. ஃபீடர் மாடுலஸ் 1.2 மடங்கு, அதாவது 20. உயரமும் விட்டமும் சமமான உருளைக்கு, அடிப்பக்கம் வார்ப்போட ஒட்டியிருந்தா அந்தப் பக்கம் குளிராது, அப்போ மாடுலஸ் = விட்டம் ÷ 5. ஆக 100 மி.மீ. விட்டம். பல பேர் அடிப்பக்கத்தையும் சேர்த்து விட்டம் ÷ 6 போட்டு 120-ன்னு சொல்லுவாங்க. அந்த 20 மி.மீ. வித்தியாசத்துல ஒவ்வொரு பீஸுக்கும் எத்தனை கிலோ உலோகம் வீணாப் போகும்னு கேட்டா அடுத்த கேள்வி. நீங்களே போட்டுப் பாருங்க: 100-க்கு 6 கிலோவுக்கு மேல, 120-க்கு 10 கிலோவுக்கு மேல. சிமுலேஷன் சாஃப்ட்வேர் எல்லாம் இந்தக் கணக்கு கையில வந்த பிறகுதான்.

ஹீட் ட்ரீட்மென்ட்: அம்பத்தூர், ஓசூர், கோவை மூணு இடத்துலயும் ஷாப் இருக்கு. கியர், ஷாஃப்ட் கார்புரைசிங்தான் (மேற்பரப்புல கார்பன் ஏத்துறது) பெரும்பங்கு. 925 டிகிரியில மொத்த கேஸ் ஆழம் (கார்பன் ஏறின அடுக்கோட ஆழம்) மி.மீ.ல ஏறக்குறைய 0.63 × மணி நேரத்தின் வர்க்கமூலம். 4 மணி நேரத்துக்கு 1.26. ரெண்டு மடங்கு ஆழம் வேணும்னா நாலு மடங்கு நேரம், 16 மணி. கஸ்டமர் டிராயிங்ல கேக்கறது மொத்த ஆழம் இல்லை, 550 விக்கர்ஸ் ஹார்ட்னஸ் வரைக்கும் உள்ள எஃபெக்டிவ் ஆழம். அது எப்பவும் குறைவாதான் வரும். புதுசா சேர்ந்தவங்க இந்த ரெண்டையும் குழப்பி ஒரு முழு சார்ஜையே ரீ-ப்ராசஸுக்கு அனுப்புவாங்க. ஃபர்னஸ் வாயுவோட கார்பன் பொட்டென்ஷியலை நிக்கல் உள்ள ஸ்டீலுக்கு ஏத்தி வச்சா ரிடெய்ண்டு ஆஸ்டெனைட் (குளிர்ந்தும் மாறாம நிக்கிற மென்மையான அமைப்பு) மிஞ்சும், மேற்பரப்பு ஹார்ட்னஸ் விழும். அதைப் பார்த்துட்டு கார்பன் பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஏத்துறவங்களும் உண்டு.

ஆட்டோமொபைல் சப்ளையர்ல சேரணும்னா சி.க்யூ.ஐ-9 (ஹீட் ட்ரீட்மென்ட் தணிக்கை விதிமுறை) படிங்க. ஃபர்னஸ் வெப்பச் சீர்மை சர்வே எப்படி எடுக்கிறது, கன்ட்ரோல் தெர்மோகப்பிள் பக்கத்துல செக் தெர்மோகப்பிளை வச்சு எப்படி ஒப்பிடுறது, இதைத் தெரிஞ்சவனை எந்த ஷாப்பும் விடாது.

கரிஎஃகு | #4

ரொம்ப நன்றி அண்ணா, சார். என்.டி.டி. விளம்பரம் பத்தி யாராவது சொல்லுங்க. வகுப்புல பத்து பேர் பணம் கட்டத் தயாரா இருக்காங்க.

வெல்ட்கோடு | #5

அந்தப் பத்து பேரையும் முதல்ல நிறுத்துங்க. காரணத்தைக் கணக்காகவே தருகிறேன்.

இந்தியாவில் அதிகம் பேசப்படுவது எஸ்.என்.டி-டி.சி-1ஏ, அதாவது என்.டி.டி. ஆட்களின் தகுதிக்கான அமெரிக்கப் பரிந்துரை நடைமுறை. அதன் அட்டவணையில் லெவல் 1, லெவல் 2 இரண்டுக்கும் சேர்த்துப் பயிற்சி நேரம்: பெனட்ரன்ட் (சாய ஊடுருவல்) 4 + 8 = 12 மணி, மேக்னடிக் (காந்தத் துகள்) 12 + 8 = 20 மணி, அல்ட்ராசோனிக் 40 + 40 = 80 மணி, ரேடியோகிராஃபி 40 + 40 = 80 மணி. மொத்தம் 192 மணி. நாளுக்கு 8 மணி நேரம் வகுப்பு நடத்தினாலும் 24 நாள். 12 நாளில் எப்படி முடியும்?

இது பயிற்சி மட்டும். அனுபவ நேரம் தனி: அல்ட்ராசோனிக் லெவல் 1-க்கு 210, லெவல் 2-க்கு மேலும் 630. பெனட்ரன்டுக்கு 70, பிறகு 140. அருகுப் பார்வைச் சோதனை ஆண்டுதோறும் உண்டு. தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 70, சராசரியாக 80 எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம்: எஸ்.என்.டி-டி.சி-1ஏ படி சான்று அளிப்பவர் வேலை கொடுப்பவர். அவருடைய எழுத்துபூர்வ நடைமுறைப்படி, லெவல் 3 (மேல்நிலைத் தகுதி) ஒருவரின் பொறுப்பில் தருவது. வேலையை விட்டால் சான்றும் போயிற்று. பயிற்சி நிலையம் தரும் தாள் பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆதாரம், அவ்வளவுதான். அதை 'சர்டிஃபிகேஷன்' என்று விற்பது மாணவர்களை ஏமாற்றுவது. வேலை கொடுப்பவர் மாறினாலும் செல்லுபடியாகும் சான்று வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. 9712 முறையில் உள்ளது. ஐந்து ஆண்டு செல்லும், அதற்கும் அனுபவ ஆதாரம் கேட்பார்கள்.

ரேடியோகிராஃபி இன்னும் தனிக் கதை. இரிடியம்-192 மூலத்தைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் பயிற்சி வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆர்.டி-1, ஆர்.டி-2 பயிற்சிகள் அதற்கானவை. தனியார் லெவல் 2 தாளை வைத்துக்கொண்டு அந்த மூலம் உள்ள கேமராவைத் தொட்டால் சட்டப்படி குற்றம், உடம்புக்கும் கேடு.

தெற்குவாசல் | #6

வெல்ட்கோடு சார், நீங்க சொல்றது புத்தகப்படி சரி. ஆனா கல்ஃப் ஏஜென்ட் கேக்கறது அந்தத் தாளைத்தானே? பசங்க அதை வச்சுத்தானே விமானம் ஏறுறாங்க.

வெல்ட்கோடு | #7

ஏறுகிறார்கள், மறுக்கவில்லை. அங்கே போன முதல் வாரத்தில் வாடிக்கையாளரின் லெவல் 3 ஒரு செய்முறைத் தேர்வு வைப்பார். குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்த வெல்ட் துண்டைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார். அதில் விழுந்தவர்கள் ஹெல்ப்பராக மாற்றப்படுகிறார்கள், அல்லது திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கடன் மட்டும் ஊரில் நிற்கும்.

அங்கே எதில் விழுகிறார்கள் என்று ஒரு உதாரணம். அல்ட்ராசோனிக்கில் ஒலியைச் சாய்வாக அனுப்பும் 60 டிகிரி ஆங்கிள் புரோபின் வெட்ஜ் (அடியில் உள்ள ஆப்பு) தேயும். முன்பக்கமோ பின்பக்கமோ கூடுதலாகத் தேய்ந்தால் கோணம் மாறும். 57 டிகிரி ஆகிவிட்டது என்று வையுங்கள். திரையில் ஒலிப்பாதை 50 மி.மீ. காட்டுகிறது. கருவி 60 என்று நம்பி ஆழம் 25 மி.மீ. என்று சொல்லும். உண்மை ஆழம் 27.2. சுமார் 27 மி.மீ. தகட்டில் இது வேரில் (வெல்ட்டின் அடியில்) உள்ள லேக் ஆஃப் பெனட்ரேஷன், அதாவது வெல்ட் அடிவரை இறங்காத குறை; ரிப்போர்ட்டிலோ வேருக்கு 2 மி.மீ. மேலே ஸ்லாக் என்று போகும். பழுது பார்ப்பவர் தவறான ஆழத்தில் தோண்டுவார். ஷிஃப்ட் தொடங்கும்போது வி1 பிளாக்கில் (அளவு சரிபார்க்கும் கட்டை) எக்ஸிட் பாயின்ட்டையும் (ஒலி வெளியேறும் புள்ளி) கோணத்தையும் பார்ப்பது மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடத்தைப் பழக்கமாக்கிக் கொண்டவருக்கு இந்தத் துறையில் வேலை இல்லாமல் போகாது.

என் யோசனை: இப்போது பெனட்ரன்ட், மேக்னடிக் இரண்டையும் ஒழுங்கான நேரக் கணக்கில் முடியுங்கள். அல்ட்ராசோனிக்கை வேலையில் சேர்ந்த பிறகு எடுங்கள். வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனில் ஆர்வம் இருந்தால் திருச்சி பெல்லில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிகளைப் பாருங்கள்.

நைட்டல் | #8

லேப் வேலையைப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். மெட்டலோகிராஃபி (உலோக அமைப்பை மைக்ராஸ்கோப்புல பார்க்கிறது), ஃபெய்லியர் அனாலிசிஸ் (ஏன் உடைஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறது). டெஸ்டிங் லேப்கள் சென்னையிலயும் கோவையிலயும் இருக்கு. பெரிய ஆட்டோ கம்பெனிகள் சொந்தமா வச்சிருக்காங்க.

இண்டர்வியூல ஒரு வார்ப்பிரும்புத் துண்டைக் கையில கொடுத்து "தயார் பண்ணிக் காட்டும்மா"ன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? இப்படி:

கூலன்ட் ஓட வெட்டுங்க. நீலம் பாரிச்சா அந்த சாம்பிள் போச்சு, சூட்டுல அமைப்பு மாறியிருக்கும். டெம்பர் பண்ணாத (மறுபடி சூடாக்கி மென்மையாக்காத) மார்ட்டென்சைட்டை ஹாட் மவுண்ட் பிரஸ்ல (சாம்பிளைச் சுத்திப் பிசின் வார்க்கிற சூட்டு பிரஸ்) வைக்காதீங்க, 150 டிகிரிக்கு மேல போற அந்த பிரஸ்ஸே அதை டெம்பர் பண்ணிடும். கோல்டு மவுண்ட் போடுங்க. எமரி 120, 220, 400, 600, 800, 1000. ஒவ்வொரு தாளுக்கும் 90 டிகிரி திருப்பி, போன தாளோட கோடு முழுசா மறையுற வரைக்கும் தேய்க்கணும். இதுல அவசரப்பட்டவங்கதான் வைரப் பேஸ்ட்ல அரை மணி நேரம் போராடுவாங்க. தாள் மாத்தும்போது சாம்பிளையும் கையையும் கழுவுங்க. 220-லேருந்து ஒரே ஒரு துகள் 1000-க்கு வந்தா போதும், கோடு மறுபடியும் வந்துடும். பிறகு 6 மைக்ரான், 1 மைக்ரான்.

எஸ்.ஜி. அயர்ன்ல நாடுலாரிட்டியை (கிராஃபைட் எவ்வளவு உருண்டையா இருக்குன்றதை) எட்ச் பண்றதுக்கு (அமிலத்துல லேசா அரிக்க விடுறதுக்கு) முன்னாடி, 100 மடங்குல பார்க்கணும். துணியில ரொம்ப நேரம் வச்சா கிராஃபைட் பிடுங்கிக்கிட்டு வந்துடும், அந்தக் குழி கறுப்பா பெருசா தெரியும், போராசிட்டின்னு எழுதிடுவாங்க. உண்மையான கிராஃபைட் உருண்டை சாம்பல் நிறத்துல, உள்ளே மையத்துலேருந்து கதிர் மாதிரி கோடுகளோட இருக்கும். வெறும் குழி ஒரே கறுப்பு. ஃபோகஸை மெல்ல ஏத்தி இறக்குனா குழியோட அடி தெரியும்.

எட்ச்: 2 சதவீத நைட்டல். 98 மி.லி. எத்தனால்ல 2 மி.லி. நைட்ரிக் அமிலத்தை மெல்ல ஊத்துங்க, அந்த வரிசை மாறக் கூடாது. 5 சதவீதத்துக்கு மேல எத்தனால்ல கலந்து சேமிச்சு வைக்காதீங்க, வெடிக்கும் ஆபத்து உண்டு. மூடியை இறுக்கி மூடவும் கூடாது. 5 – 10 விநாடி, பளபளப்பு மங்கின உடனே தண்ணி, பிறகு ஆல்கஹால், சூடான காத்து.

ஃபெய்லியர் அனாலிசிஸ்ல முதல் விதி, உடைஞ்ச ரெண்டு துண்டையும் ஒட்டிப் பார்க்காதீங்க. எல்லாருக்கும் கை தானா போகும். பொருத்துன அந்த நொடியே முறிவுப் பரப்புல இருந்த நுண்ணிய தடயம் நசுங்கிடும். வயர் பிரஷ் போடாதீங்க. துரு இருந்தாலும் முதல்ல ஃபோட்டோ, பிறகுதான் மத்தது.

செந்தணல் | #9

நைட்டல் மேடம், போல்ட் முறிவு பத்தியும் சொல்லுங்க. பசங்க ப்ராஜெக்ட்ல எல்லாமே "ஹைட்ரஜன்"னு எழுதிக் கொண்டு வர்றாங்க.

நைட்டல் | #10

ஆமா, அதிகமா தப்பு நடக்கிற இடம் அது. 12.9 கிரேடு போல்ட், எலக்ட்ரோ ஜிங்க் பிளேட்டிங். டார்க் வச்சு முறுக்கும்போது ஒண்ணும் ஆகாது. மறுநாள் காலையில தலை தனியா கீழே கிடக்கும். தலைக்குக் கீழே இருக்கிற வளைவுல முறிவு; எஸ்.இ.எம்.ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பார்த்தா கற்கண்டுக் கட்டி மாதிரி கிரெய்ன் (உலோகப் படிகம்) எல்லையில பிளந்திருக்கும்.

அமில பிக்ளிங்லயும் (அமிலத்துல சுத்தம் பண்றது) பிளேட்டிங்லயும் ஹைட்ரஜன் உள்ளே போய் ஸ்டீலை நொறுங்க வைக்குது. பிளேட்டிங் முடிஞ்சு நாலு மணி நேரத்துக்குள்ள 190 – 220 டிகிரியில பேக் பண்ணணும் (அடுப்புல சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேத்தணும்), ஸ்டீலோட வலிமையைப் பொறுத்து பல மணி நேரம். ஷிஃப்ட் மாறுச்சு, அடுப்பு ஃபுல்லாச்சுன்னு மறுநாள் பேக் பண்ணா பலன் குறைஞ்சுடும்.

ஆனா கிரெய்ன் எல்லையில பிளந்திருக்குன்றதை மட்டும் வச்சு ஹைட்ரஜன்னு எழுதக் கூடாது. குவென்ச் கிராக்கும் அப்படித்தான் தெரியும், டெம்பர் எம்ப்ரிட்டில்மென்ட்டும் அப்படித்தான். விரிசல் உள்ளே கறுப்பு ஆக்சைடு இருந்தா அது டெம்பரிங்குக்கு முன்னாடியே இருந்த குவென்ச் கிராக். உடையற நேரம் தாமதமாச்சா? ஹார்ட்னஸ் வரம்புக்கு மேலயா? பேக்கிங் பதிவேட்டுல எத்தனை மணிக்கு உள்ளே வச்சாங்க? அதே லாட்ல உடையாத போல்ட்டை இழுவிசையில நிறுத்தி வச்சா உடையுதா? இந்த நாலும் ஒரே திசையில வந்தாத்தான் ரிப்போர்ட்ல எழுதலாம். கோர்ட் வரைக்கும் போகிற தாள் அது. கீழே கையெழுத்து உங்களோடது.

இந்தத் துறையில பதவி உயர்வுன்றதே அந்தக் கையெழுத்துதான்னு நான் நினைக்கிறேன். ஸ்டீல் ஆலைகள் இ.என். 10204 தரநிர்ணயப்படி தர்ற 3.1 வகை டெஸ்ட் சான்றுல கையெழுத்துப் போடறவர் உற்பத்திப் பிரிவைச் சேராதவரா இருக்கணும்னு அந்தத் தரநிர்ணயமே சொல்லுது. வேலை தேடும்போது "எத்தனை வருஷத்துல நான் எதுல கையெழுத்துப் போடுவேன்?"னு கேளுங்க. பதில் தெளிவா வந்தா நல்ல இடம்.

பொருநை | #11

நான் எம்.எஸ்சி. மெட்டீரியல்ஸ் சயின்ஸ், இயற்பியல் பின்னணி. மேலே சொன்னதெல்லாம் பி.இ. காரங்களுக்குன்னு தோணுது. எங்களுக்கு என்ன வழி? இன்னொண்ணு, ஷிஃப்ட் வேலைக்குப் பெண்களை எடுப்பாங்களா?

படிகக்கூடு | #12

பொருநை, உங்களுக்கு முதல் வழி ஆராய்ச்சி. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் — பேட்டரி, அரிமானம், மின்முலாம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் — வேக ஈனுலைக்கான ஸ்டீல், கதிர்வீச்சுச் சேதம், சோடியத்தில் அரிமானம். ஐதராபாத்தில் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் ஏ.ஆர்.சி.ஐ.யும் (தூள் உலோகவியல், புதிய பொருள்களுக்கான ஆராய்ச்சி மையம்). நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது கேட் இருந்தால் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

கேட்டில் உங்களுக்கு எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) தாள் பொருந்தும். 'ஏ' பிரிவு கணிதம் 15 மதிப்பெண் கட்டாயம், மற்றவற்றில் இரண்டு பிரிவு, ஒவ்வொன்றும் 35. 'சி' பிரிவுதான் மெட்டீரியல்ஸ் சயின்ஸ். இரண்டாவதாக வெப்ப இயக்கவியலையோ பாலிமரையோ எடுக்கலாம். கரிஎஃகு தம்பிக்கு எம்.டி. (உலோகவியல் பொறியியல்) தாள்: பொது அறிவுத்திறன் 15, கணிதம் 13, பாடம் 72. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். பொதுத்துறை நிறுவனங்கள் உலோகவியலுக்குக் கேட்பது பெரும்பாலும் எம்.டி. தாளை, எக்ஸ்.இ.யை அல்ல. இதைத் தெரியாமல் தாள் மாற்றி எழுதி ஒரு வருடம் இழக்காதீர்கள். எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்குக் கழிவு மதிப்பெண் இல்லை, அவற்றில் எதையும் காலியாக விட வேண்டாம். அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி உலோகவியல் பிரிவுக்கும் ஆள் எடுக்கிறது. ஓராண்டுப் பயிற்சி, நேர்முகம் மிகக் கடுமை. அங்கே இரும்பு–கார்பன் வரைபடத்தை வெள்ளைத் தாளில் வரையச் சொல்லி அரை மணி நேரம் அதிலேயே நிற்பார்கள்.

ஆய்வகத்தில் உங்களை எடைபோடுவது நீங்கள் தரவைப் படிக்கும் விதத்தை வைத்து. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் உச்சியின் அகலத்தை ஷெரர் சூத்திரத்தில் போட்டு "துகள் அளவு 22 நானோமீட்டர்" என்று எழுதுகிறார்கள். மூன்று பிழை அதில். கருவியே தரும் அகலத்தைக் கழிக்கவில்லை. அதற்கு நல்ல படிகத் தன்மையுள்ள தரமாதிரியை அதே அமைப்பில் ஓட்ட வேண்டும். உள்ளிறுக்கத்தால் வரும் அகலத்தைப் பிரிக்கவில்லை. மூன்றாவது, ஷெரர் தருவது படிகத் துணுக்கின் அளவு, துகளின் அளவு அல்ல. ஒரு துகளில் பல துணுக்குகள் இருக்கலாம். கோணத்தை ரேடியனாக மாற்றாத நான்காவது கூட்டமும் உண்டு.

நைட்டல் | #13

பொருநை, ஷிஃப்ட் கேள்விக்கு: 1948 தொழிற்சாலைச் சட்டத்துல பெண்களுக்கு இரவு வேலை கூடாதுன்னு இருந்த பிரிவை 2000-ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு, பாதுகாப்பு நிபந்தனைகளோட. அதனால சட்டம் தடை இல்லை. நீங்க கேக்க வேண்டியது: ராத்திரி வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வருதா? ஷிஃப்ட்ல இன்னொரு பெண் இருக்காங்களா? லேப் பக்கத்துலயே ஓய்வறையும் கழிப்பறையும் இருக்கா? ப்ளாண்ட்டைச் சுத்திக் காட்டும்போதே இதைக் கண்ணால பாருங்க. தயங்காம கேளும்மா, கேக்கறது உரிமை.

ரைன்கரை | #14

ஜெர்மனி பற்றி. கரிஎஃகு, உங்க 7.6-ஐ அவங்க எப்படி மாத்துவாங்கன்னு பாருங்க: 1 + 3 × (10 − 7.6) ÷ (10 − 5) = 2.44. குறைந்தபட்ச பாஸ் 5-ன்னு வச்சு. பல பல்கலைக்கழகம் 2.5-ஐ எல்லையா வச்சிருக்கு. அதாவது 7.5-க்குக் கீழே இறங்கினா கதவு மூடும். அடுத்த மூணு செமஸ்டர்ல விட்டுடாதீங்க.

ஆஹன், ஃபிரைபெர்க், டார்ம்ஷ்டாட், எர்லாங்கன் எல்லாம் இந்தப் பாடத்துக்குப் பேர் போன இடங்கள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்று (நம்ம மார்க் ஷீட், பட்டத்தைச் சரிபார்த்துத் தர்றது) கட்டாயம். விண்ணப்பத்துக்குப் பல மாசம் முன்னாடியே போடணும், இதுல தாமதமாகி ஒரு பருவம் இழக்கிறவங்க அதிகம். முடக்கக் கணக்குல (தங்கும் செலவுக்கு முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற வங்கிக் கணக்கு) 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ காட்டணும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்துல வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு.

படிப்பு ஆங்கிலத்துல இருக்கலாம், ஆனா ஆலையில பேச்சு ஜெர்மன். படிப்பு முடியும்போது பி1 நிலை ஜெர்மன் இல்லாதவங்க வேலைக்குத் தடுமாறுறாங்க. அதுக்கு முந்தின ஏ2 நிலையை இங்கேயே முடிச்சுட்டு வாங்க.

உப்புக்காற்று | #15

அரிமானத்தையும் கோட்டிங்கையும் ஒரு வழியாகச் சொல்ல வேண்டும். எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலி எல்லாம் கடற்காற்றும் ரசாயனமும் சேர்ந்த இடம். கோட்டிங் இன்ஸ்பெக்டர் பார்ப்பது: பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக அடித்துத் துரு நீக்குவது) முடிந்த பரப்பின் சொரசொரப்பு, உப்புப் படிவு, எஃகின் வெப்பம் பனிப்புள்ளியை விட 3 டிகிரியாவது கூடுதலா, ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள்ளா, காய்ந்த பூச்சின் தடிமன். மாலை நாலு மணிக்கு பிளாஸ்ட் பண்ணி மறுநாள் காலை பெயிண்ட் அடித்தால் எண்ணூரில் இரவிலேயே துரு பூத்துவிடும்; மேலே அடித்தது ஒரு மழைக்காலத்தில் உரியும். புதைகுழாய்களுக்கு கேத்தோடிக் பாதுகாப்பு (மின்னோட்டம் கொடுத்து அரிமானத்தைத் தடுப்பது) தனி வேலை: செம்பு–செம்பு சல்ஃபேட் மின்முனையை வைத்து −850 மில்லிவோல்ட் அல்லது அதைவிட எதிர்மறை. மின்னோட்டத்தை அணைத்த கணத்தில் அளப்பதுதான் உண்மை. ஓடும்போது அளந்தால் மண்ணின் மின்தடை இழப்பும் சேர்ந்து நல்ல எண்ணாகக் காட்டும். இதற்கான சான்றிதழ் தந்த நேஸும் எஸ்.எஸ்.பி.சி.யும் 2021-ல் ஏ.எம்.பி.பி. என்ற ஒரே அமைப்பாக இணைந்துவிட்டன. பழைய பெயரில் தேடிக் குழம்ப வேண்டாம்.

தெற்குவாசல் | #16

செமிகண்டக்டர், பேட்டரி பத்தி யாரும் சொல்லலையே? இப்போ எல்லாரும் அதைத்தானே பேசுறாங்க.

படிகக்கூடு | #17

வேலை வருகிறது. குஜராத் சானந்திலும் அசாம் ஜாகிரோடிலும் வருவது சிப் பேக்கேஜிங், சோதனை ஆலைகள். தொலேராவில்தான் வேஃபர் ஆலை (சிலிக்கான் தகட்டில் சிப்பையே உருவாக்குவது). பேக்கேஜிங் என்பது முழுக்க மெட்டீரியல்ஸ்: டை (வெட்டிய சிப் துண்டு) ஒட்டும் பசை, கம்பிப் பிணைப்பு, மோல்டிங் கலவை, சால்டர் உருண்டை. மோல்டிங் கலவை ஈரத்தை உறிஞ்சியிருந்தால் ரீஃப்ளோவின் (சால்டரை உருக்கி ஒட்டும் கட்டம்) சூட்டில் ஆவியாகிப் பேக்கேஜ் பிளக்கும். அதைத் தடுக்கச் சூடாக்கி உலர்த்தும் பேக்கிங், உலர் பை எல்லாம் நைட்டல் சொன்ன போல்ட் பேக்கிங்குக்குத் தூரத்துச் சொந்தம். பேட்டரியில் எலக்ட்ரோடு பூச்சு, கேலண்டரிங் (அதை உருளையில் அழுத்துவது), பனிப்புள்ளி −40 டிகிரி உலர் அறை. இரண்டிலும் சேர்க்கும்போது பார்ப்பது புள்ளிவிவரக் கட்டுப்பாட்டு வரைபடம் போடத் தெரியுமா, பரிசோதனைத் திட்டமிடல் தெரியுமா என்பதை. 'நானோ' என்ற தலைப்பில் ஒரு ப்ராஜெக்ட் மட்டும் இருந்தால் போதாது.

மணிமுத்தாறு | #18

கருமணல் சார் மேல மரியாதை உண்டு, ஆனா ஃபவுண்டரி தூசியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. மணல் சிலிக்கா. நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரல்ல படிஞ்சா சிலிகோசிஸ், அதுக்குத் திரும்பி வர்ற வழி கிடையாது. பையன் இருபத்தொரு வயசுல போறான்.

கருமணல் | #19

சொன்னது நியாயம், நான் சொல்லியிருக்கணும். ப்ளாண்ட் பார்க்கப் போகும்போது நாக்-அவுட் (மோல்டை உடைக்கிற இடம்), ஷாட் பிளாஸ்ட் (குண்டு அடிச்சுச் சுத்தம் பண்ற இடம்), ஃபெட்லிங் (பிசிறு தேய்க்கிற இடம்) மூணு இடத்துலயும் தூசி உறிஞ்சி ஓடுதான்னு பாருங்க. இருக்கிறது வேற, ஓடுறது வேற. ஜன்னல் வெயில்ல தூசி மிதக்குதான்னு பார்த்தாலே தெரிஞ்சுடும். துணி மாஸ்க் கொடுத்தா அது போதாது, முகத்தோட ஒட்டுற ரெஸ்பிரேட்டர் வேணும். வருஷாந்தர எக்ஸ்-ரே, மூச்சுத்திறன் சோதனை நடக்குதான்னு கேளுங்க. தரையை உலர்ந்தபடி பெருக்குற இடத்துல சேராதீங்க. பர்மனன்ட் ஆளுக்கு மட்டும் ரெஸ்பிரேட்டர், கான்ட்ராக்ட் ஆளுக்குத் துண்டுன்னு இருந்தா, அந்த இடம் உங்களையும் நாளைக்கு அப்படித்தான் நடத்தும்.

அதோட, எந்த இடத்துலயும் ஒரிஜினல் மார்க் ஷீட்டை பாண்டுக்காக (இத்தனை வருஷம் இருப்பேன்ற ஒப்பந்தம்) கொடுக்காதீங்க.

கரிஎஃகு | #20

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு தெளிவா எங்கேயும் படிச்சதில்லை. அடுத்த லீவ்ல ஒரு மாசம் இருக்கு. மினி ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம்? அப்புறம் சி.இ. (கார்பன் ஈக்விவலன்ட் = கார்பன் + (சிலிக்கான் + பாஸ்பரஸ்) ÷ 3) கணக்கு போட்டுப் பார்த்தேன்: கார்பன் 3.6, சிலிக்கான் 1.4, பாஸ்பரஸ் 0.03. சி.இ. = 3.6 + 1.43 ÷ 3 = 4.08. எஸ்.ஜி.க்கு இது குறைவு இல்லையா?

கருமணல் | #21

கணக்கு சரி, போட்ட சிலிக்கான்தான் தப்பு. 1.4 ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி இருக்கிறது. ஃபெரோ சிலிக்கான் மக்னீசியத்துலேருந்தும் இனாக்குலன்ட்லேருந்தும் (கிராஃபைட் உருவாகத் தூண்ட ஊத்துறதுக்கு முன்னாடி சேர்க்கிறது) இன்னும் ஒரு சதவீதம் ஏறும். கடைசி சிலிக்கான் 2.4-ன்னா 3.6 + 2.43 ÷ 3 = 4.41. சாதாரண தடிமனுக்கு அது நல்ல இடம். தடிமனான வார்ப்புக்கு இன்னும் கொஞ்சம் கீழே வைக்கணும், இல்லாட்டி கிராஃபைட் மிதந்து மேல்பக்கம் சேர்ந்துடும்.

மினி ப்ராஜெக்ட்டுக்கு: பக்கத்துல எந்த எஸ்.ஜி. ஃபவுண்டரியிலயாவது அனுமதி வாங்குங்க. ஒரே லேடில்லேருந்து ஊத்துற முதல், நடு, கடைசி பாக்ஸ் மூணுலயும் சாம்பிள் எடுங்க. ட்ரீட்மென்ட் முடிஞ்ச நொடியிலேருந்து ஸ்டாப் வாட்ச் ஓடட்டும், ஒவ்வொரு சாம்பிள் மேலயும் நிமிஷத்தை எழுதுங்க. பத்து லேடில், முப்பது சாம்பிள். நாடுலாரிட்டி, நாடியூல் (கிராஃபைட் உருண்டை) எண்ணிக்கை, ஸ்பெக்ட்ரோல (ரசாயன அளவு காட்டுற கருவி) மிச்ச மக்னீசியம். நேரத்துக்கு எதிரா கிராஃப். அந்த ஃபவுண்டரிக்கு எத்தனையாவது நிமிஷத்துல லேடிலைத் திருப்பி அனுப்பணும்னு உங்க கிராஃபே சொல்லும்.

நைட்டல் | #22

ஸ்பெக்ட்ரோவுக்கு மட்டும் செம்பு அச்சுல சட்டுனு குளிர்ந்த வெள்ளை நாணயம் வேணும் தம்பி, பாக்ஸ்லேருந்து வெட்டின துண்டை வைக்காதீங்க. கிராஃபைட் இருந்தா கார்பன் அளவு தப்பா வரும். மைக்ரோவுக்கு வெட்டறது ஒரே இடத்துல, ஒரே தடிமன்ல இருக்கணும். மெல்லிய ஓரத்துல ஒண்ணும் நடுவுல ஒண்ணும் எடுத்தா நீங்க அளக்கறது ஃபேடிங் இல்ல, குளிரும் வேகம். முப்பதையும் ஒரே ஆள் பாலிஷ் பண்ணுங்க.